கல்மண்டபத்துப் பெட்டியும் கருவாட்டுச் சரமும்

கல்மண்டபத்தில் அருள்நாதன் வீட்டு மாடிப்படிகளைப் பொன்னுரங்கம் கோபத்தோடுதான் ஏறினார். அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று போன கார்த்திகையில் ஊர் நடுவே மண்ணை வாரித் தூற்றினவர் அவர். இப்போது புரட்டாசி. ஊர்ப் பெரியதனக்காரர் நீலமேகம் முன்னால் போக, பஞ்சாயத்து ஆட்கள் நாலு பேர் பின்னால் வர, நடுவில் இவர். மகன் பாஸ்கர் இந்தப் பருவத்துக்குக் கட்டுமரம் தள்ளப் போகிறான். அதற்காக வந்தார். இல்லாவிட்டால் கழுத்தில் கயிறு போட்டு இழுத்தாலும் வந்திருக்கமாட்டார்.

அருள்நாதன் யுத்தகாலத்தில் பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்தவன். திரும்பி வந்து துறைமுகத்தில் எலக்ட்ரிக் வேலை. சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய பெட்டி ஒன்றைப் பிடித்து, மாடியில் கம்பி கட்டி, தன்னைப் போன்ற பைத்தியங்களோடு ஊர் ஊராகப் பேசுகிறவன். ஹாம் ரேடியோ என்று அதற்குப் பேர். இதில் காலணா வரும்படி கிடையாது. அதுதான் பொன்னுரங்கத்துக்கு முதல் சந்தேகம். கூலி வாங்கினவனைக் கழுத்தைப் பிடித்துக் கேட்கலாம். சும்மா செய்கிறவனை எதைப் பிடித்துக் கேட்பது?

அவனைப் போலவே நாகப்பட்டினத்தில் ஒருவர் பெட்டி வைத்திருந்தார். கமாலுதீன் என்று பேர். பகலெல்லாம் ஒர்க்ஷாப்பில் இரும்படிக்கிறவர். சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் அவருக்குக் கை ஓயும். தெற்கே கடல் கலங்கினால் முதலில் தெரிவது அந்தப் பக்கம். ஆகவே தினம் ஐந்து மணிக்கு அவர் காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லுவார். அருள்நாதன் இங்கே கேட்பான். கெட்ட சேதி என்றால் சைக்கிளில் ராயபுரம் கடற்கரைக் குப்பத்துக்கு வந்து மூங்கிலில் சிவப்புத் துணி ஏற்றுவான். சிவப்பு ஏறினால் கட்டுமரம் கரையில் நிற்கும். ஏறாவிட்டால் கடலுக்குப் போகும். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. ஊரே அவனைத் தெய்வமாக்கியது.

போன கார்த்திகையில் ஒரு நாள் சிவப்பு ஏறவில்லை. ஐந்து கட்டுமரம் போயிற்று. நாலு திரும்பியது. திரும்பாததில் பொன்னுரங்கத்தின் மருமகன் ரகுபதி இருந்தான். மகள் அங்கம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாசம்.

புயல் வருகிறது என்று அன்று மூன்று தரம் சொன்னதாகக் கமாலுதீன் கடுதாசி எழுதினார். அருள்நாதனோ அவர் அன்று பேசவே இல்லை என்று பைபிளைத் தொட்டுச் சொன்னான். "பெட்டி அன்னிக்கு அவ்ளோ சுத்தமா இருந்திச்சு. பேசியிருந்தா கேட்டிருக்கும்." ஊர் அவனைத்தான் நம்பியது. கண்ணெதிரே இருக்கிற மனிதனை நம்புவார்களா, காற்றில் பேசுகிற மனிதனையா? பொன்னுரங்கம் இரண்டு பேரையும் நம்பவில்லை. இருவரில் ஒருவன் ரகுபதியைக் கொன்றான், எவன் என்று தெரிந்தாக வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

மாடி அறையில் நுழைந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"இன்னா தொரை, இந்த வருசம் யாரை முழுங்கப் போற?"

அருள்நாதன் முகம் செத்தது. நீலமேகம் குறுக்கே கையை நீட்டினார்.

"கம்முனு குந்து பொன்னுரங்கம். மனுசன் கூப்ட்டு அனுப்பிச்சுகிறான். இன்னா ஏதுன்னு பாக்காம வாயத் தொறக்காத."

"தொறந்த வாய்தான. மூடுனா நீ ஒப்பாரி வெப்பியா?"

கீழே தெருவில் ஐஸ் பாக்டரி. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரைக்கும் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். பாளம் பாளமாக ஐஸ் ஏறும். எஞ்சினை ஒருவனும் நிறுத்தமாட்டான். நிறுத்தினால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் மணிக்கட்டை அது உதைத்து முறிக்கும். அந்த எஞ்சினில் பற்றுகிற ஒவ்வொரு பொறிக்கும் மாடியில் இருக்கிற பெட்டிக்குள் ஒரு 'டக்'. நாலு லாரி நின்றால் சூடான சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி இரைச்சல். அருள்நாதன் போய்க் கெஞ்சிப் பார்த்தவன்தான். லாரிக்கார வெள்ளத்துரை சொன்னானாம்: "உன் பொட்டிக்காக என் கையை ஒடிச்சிக்கச் சொல்றியா? வேற வூட்டுக்குப் போ." வேறு வீட்டுக்குப் போகவும் வழியில்லை. லைசென்ஸ் இந்த வீட்டு நம்பருக்கு எழுதிக் கொடுத்தது.

"இதைப் பாருங்க," என்று அருள்நாதன் பெட்டியின் முகப்பில் ஒரு திருகைத் தொட்டான். "வெடி மாதிரி வர்ற சத்தத்தோட தலையை மட்டும் இது சீவிடும். உள்ள ஒரு சின்ன வால்வ். நானே பண்ணேன்."

திருகை ஒரு பக்கம் வைத்தான். சட்டி பொரிந்தது. காதைப் பொத்த வேண்டியதாயிற்று. மறுபக்கம் திருகினான். ஒரே அமைதி. கீழே லாரிகள் உறுமுவது ஜன்னல் வழியாகக் கேட்கிறது, பெட்டியில் கேட்கவில்லை. பிறகு முள்ளை நகர்த்தி, கொழும்பு ஸ்டேஷனைப் பிடித்தான். மிருதங்கமும் குரலும் கல்யாண வீட்டுப் பந்தலில் கேட்பது போல வந்தன. நீலமேகம் தொடையில் தட்டிவிட்டார்.

"பார்ரா! லாரி ஓடிகினு கீது, ஒரு பொட்டு சத்தம் இல்ல. கோயில் மாரி கீது."

பஞ்சாயத்தார் நாலு பேரும் தலையாட்டினார்கள். அருள்நாதன் முகத்தில் உயிர் வந்தது. ஒரு வாரமாகப் பக்கத்தில் காலிங் பெல்லை அடித்து அடித்துப் பெட்டியைப் பரீட்சை செய்ததாகச் சொன்னான். பெல்லில் தெறிக்கிற பொறியின் 'டக்' ஒன்றுகூட உள்ளே ஏறவில்லையாம்.

பொன்னுரங்கம் மட்டும் அசையவில்லை.

"கொளும்புக்காரன் எவ்ளோ பெரிய பொட்டி வெச்சுகிறான்?"

"அது பெரிய ஸ்டேஷன். ரொம்பப் பெரிசு."

"நாகப்பட்ணத்து சாயபு வெச்சுகிறது?"

"அது... சின்னது. பேட்டரியில ஓடுது."

"நாளைக்குப் பொயல் வர்றத எனக்கு யார் சொல்லப் போறான்? கொளும்புல பாடறவனா, சாயபா?"

நீலமேகம், "நீ எல்லாத்துலயும் நொட்டை சொல்லுவ," என்றார்.

"சொல்லுவன். குடம் ஒழுவுதா இல்லியான்னு தண்ணி ஊத்திப் பாப்பியா, தட்டிப் பாப்பியா? இவன் தட்டிக் காட்டறான், நீ தலையாட்டற."

*

பொன்னுரங்கத்துக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. கைநாட்டு. ஆனால் காது உண்டு. குப்பத்தில் கத்தாழை மீன் கூட்டத்தைக் கேட்டுச் சொல்கிறவர் அவர்தான். துடுப்பை நீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்துக் கேட்பார். அடியில் கத்தாழை கரகரவென்று கத்தும். அலை அடிக்கும், மரம் முனகும், தன் ரத்தமே காதில் இடிக்கும். அத்தனைக்கும் நடுவில் மீன் கத்துகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட காதுக்கு அந்த மாடி அறையின் அமைதி பிடிக்கவில்லை. செத்த வீட்டு அமைதி மாதிரி இருந்தது. கடலில் அப்படி ஒரு அமைதி வந்தால் அவர் பாயைச் சுருட்டிவிடுவார்.

வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சீனியம்மாள் வந்தாள். ரகுபதியைப் பெற்றவள். நாகப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம். மாசம் இரண்டு தரம் ரயிலில் கூடையோடு ராயபுரம் வந்து, அங்கம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். பிள்ளை போனதும் மருமகளைக் கைவிடுகிற ஜாதி இல்லை அவள்.

"சம்பந்தி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வாய்வுப் புடிப்பா?" என்றாள்.

பொன்னுரங்கம் அவளைக் கடற்கரைப் பக்கம் அழைத்துக்கொண்டு போய், சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"சாயபுகிட்ட போ. வர்ற வியாழக்கெழம அஞ்சு மணிக்கு மீன் பேரா சொல்லச் சொல்லு. ஒவ்வொண்ணும் ரெண்டு வாட்டி. எந்தெந்த மீனு, எத்தினி மீனு, அத்த நீ முடிவு பண்ணு. எங்கிட்ட சொல்லாத. அங்கம்மாகிட்டயும் சொல்லாத. மொத்தம் எத்தினின்னு சாயபு காத்துல சொல்லக் கூடாது."

"உங்ககிட்டயே ஏன் சொல்லக் கூடாதுங்கிறீய?"

"என்னியே நான் நம்பல. கோவத்துல நானே எதுனா ஒளறிட்டன்னா? அவன் தோத்தா நெசமாத் தோக்கணும். செயிச்சா நெசமா செயிக்கணும்."

"நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. வரிசை மறந்துபோச்சுன்னா?"

பொன்னுரங்கம் யோசித்தார். அவளே வழி சொன்னாள். "கருவாட்டைச் சரமாக் கோத்துப்புடறேன். அவரு சொல்லச் சொல்ல, நான் பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணாக் கோக்குறேன். சனிக்கிழமை சரத்தோட வந்துடறேன்."

அவள் கண் கலங்கவில்லை. வியாபாரத்துக்குக் கணக்குப் பேசுகிற மாதிரிதான் பேசினாள். போகும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "எம்புள்ளைக்கு சேதி சொன்னாங்களா, சொல்லலையா? அதான் எனக்குத் தெரியணும்," என்றாள்.

வியாழக்கிழமை பொன்னுரங்கம் நீலமேகத்தையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினார். அருள்நாதனிடம் விஷயத்தைச் சொன்னார். சாயபு மீன் பேர் சொல்லுவார், கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

"எத்தனை பேர்?" என்றான்.

"அத்த நீ சொல்லு."

"சந்தேகம் வந்தா திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா?"

"கூடாது. பொயலன்னிக்கு அவன் வூட்டுக் கூரை பறந்துகினு இருக்கும். உனுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிகினு குந்தியிருப்பானா?"

கீழே லாரி நாலு நின்றது. ஐந்து மணி. அருள்நாதன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, திருகை அமைதிப் பக்கம் முழுக்கத் திருப்பி, பென்சிலை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் எழுதினான். நிறுத்தினான். கண்ணை மூடிக் காத்திருந்தான். மறுபடி எழுதினான். பத்து நிமிஷம் ஆயிற்று. காதுக்கருவியைக் கழற்றி, சிரித்தான்.

"நாலு மீன். வாளை, சங்கரா, பாறை, வஞ்சிரம்."

"நாலுதானா?"

"நாலேதான்."

"நடுவுல இன்னா கேட்டுது?"

"ஒண்ணுமில்லை. அவர் நிறுத்தி நிதானமாச் சொன்னார். நடுவுல கிணறு மாதிரி இருந்திச்சு. அவ்ளோ சுத்தம்."

நீலமேகம் அந்தக் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது, "இப்போ திருப்தியா?" என்றார். நாலு மீனுக்குப் பத்து நிமிஷம் ஆகுமா என்று பொன்னுரங்கத்துக்கு மனசுக்குள் ஓடியது.

*

சனிக்கிழமை நாலு மணிக்குச் சீனியம்மாள் வந்தாள். கூடையை இறக்கி, மேல் துணியை விலக்கி, கயிற்றுச் சரத்தை எடுத்தாள். அங்கம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நீலமேகம் காகிதத்தோடு வந்திருந்தார். குப்பத்துச் சனம் பாதி கூடிவிட்டது. கருவாட்டு நாற்றம் குப்பென்று அடித்தது.

"எண்ணுங்க," என்றாள் சீனியம்மாள்.

அங்கம்மா விரல் வைத்து எண்ணினாள். "நெத்திலி. வாளை. காரப்பொடி. சங்கரா. திருக்கைத் துண்டு. கெளுத்தி. பாறை. சுறாத் துண்டு. மத்தி. வஞ்சிரத் துண்டு."

பத்து.

நீலமேகம் காகிதத்தைப் பார்த்தார், சரத்தைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். ஒருவர் பின்னாலிருந்து, "இந்தம்மா வழியில ஆறு கோத்துகினு வந்திருந்தா?" என்றார்.

சீனியம்மாள் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தாள். "எம்புள்ளை செத்த கணக்கைத் தப்பாக் காட்டி நான் என்னத்தைத் திங்கப் போறேன்? கமாலுதீன் பாய் எழுதிக் கையெழுத்துப் போட்டது இந்தா. படிக்கத் தெரிஞ்சவன் படி."

படித்தார்கள். பத்துதான். வரிசையும் அதேதான்.

பொன்னுரங்கம் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். கல்மண்டபம்வரை ஒரே நடை. பின்னால் நீலமேகமும் சீனியம்மாளும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். மாடியில் அருள்நாதன் சட்டை இல்லாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். பொன்னுரங்கம் சரத்தைப் பெட்டி மேலேயே போட்டார்.

"எண்ணுடா."

அருள்நாதன் எண்ணினான். எண்ணி முடிக்கும்போது அவன் உதடு வெளுத்திருந்தது.

"உன் கெணத்துல ஆறு மீன் முழுகிச்சுடா. அந்த ஆறையும் சாயபு சொன்னான். நீ சொல்லலன்ற. இந்தத் திருகை எப்போ மாட்டுன?"

"இந்த வருசம்தான் சரி பண்ணேன்..."

"சரி பண்ணது இந்த வருசம். மாட்டுனது?"

அவன் விரலை மடக்கி மாசம் எண்ணினான். கீழே லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது.

"போன ஐப்பசி."

"எம்மருமவன் போனது?"

"கார்த்திகை," என்றான் அருள்நாதன். சொல்லும்போதுதான் அவனுக்கே அது புரிந்தது. அதுவரைக்கும் அவன் பொய் சொல்லவில்லை என்பதைப் பொன்னுரங்கம் அவன் முகத்திலேயே பார்த்தார். அது கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. பொய்யனாக இருந்தால் ஒரு அறை கொடுத்துவிட்டுப் போகலாம். இவன் உண்மையென்று நம்பிப் பைபிளைத் தொட்டவன். இவனை என்ன செய்வது?

"வெடியோட தலையை சீவறப்போ," என்றான் அருள்நாதன் தரையைப் பார்த்து, "குரலோட தலையும் போவுது. பெரிய ஸ்டேஷனா இருந்தா போனது தெரியாது. சின்னக் குரல்னா மொத்தமாப் போயிடும். ரேடியோ அலை ஏறி வர்ற நேரத்துல மட்டும் ஒண்ணு ரெண்டு வார்த்தை தப்பி வரும். நான் அமைதியத்தான் பார்த்தேன். அமைதியா இருந்தா நல்லாக் கேக்குதுன்னு..."

சீனியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப பாய் சொல்லியிருக்காரு," என்றாள். "மூணு தடவை."

மணி ஐந்தாக இன்னும் சில நிமிஷம் இருந்தது.

"மாட்டு," என்றார் பொன்னுரங்கம், காதுக்கருவியைக் காட்டி. "என் காதுல மாட்டு. அந்தத் திருகை இந்தாண்ட திருப்பு. முழுக்க."

"தாங்கமாட்டீங்க, பெரியவரே. காது கிழியும்."

"திருப்புடான்னா."

திருப்பினான். சட்டி பொரிந்தது. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் ஒன்றும் இல்லை, வெறும் அடி. பிறகு அடியில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. இது ஒரு லாரி, அது இன்னொரு லாரி. இரண்டையும் தள்ளி வைத்தார். அதற்கு அடியில், தொலைவில், நூல் மாதிரி ஒன்று அசைந்தது. மனுசக் குரல். என்ன சொல்கிறது என்று பாதிதான் பிடிபட்டது. 'கொண்டல் காத்து' என்று ஒரு தரம். 'அலை கம்மி' என்று ஒரு தரம். மற்றதெல்லாம் பொரிந்துபோயிற்று. ஆனால் ஆள் இருக்கிறான். இரைச்சலுக்குள் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான்.

காதுக்கருவியைக் கழற்றி எறிந்தார்.

"பேசறான்டா! எல்லாத்தையும் புடிக்க முடியல. ஆனா பேசறான்னு தெரியுது. நீ அந்த ஆளையே இல்லாமப் பண்ணிட்டியே!"

அருள்நாதன் திருகைப் பாதியில் வைத்துக் கேட்டான். கால்வாசியில் வைத்துக் கேட்டான். கால்வாசியில் கொஞ்சம் தெளிந்தது. அதுவும் தினமும் இப்படி வராது, ரேடியோ அலை மோசமானால் ஒன்றுமே கேட்காமல் போகும் நாள் வரும் என்று ஒளிக்காமல் சொன்னான். "பெரியவரே, இனிமே நான் கொடியத் தொடமாட்டேன். என்னால முடியாது."

"தொடாம இன்னா கிழிக்கப் போற? எங்களுக்கு வேற காது ஏது? தொடு. ஆனா மாத்தித் தொடு." அவர் நீலமேகத்தின் பக்கம் திரும்பினார். "சேப்பு வேணாம். வெள்ளத் துணி. சாயபு 'நல்லா கீது, போலாம்'னு சொல்லி, அத்த இவன் காதால கேட்டா மட்டும் வெள்ளை ஏறணும். ஏறலன்னா மரம் எறங்கக் கூடாது. பொயலா இருந்தாலும் ஏறாது. கேக்காமப் போனாலும் ஏறாது."

நீலமேகம் திடுக்கிட்டார். "இன்னாய்யா பேசற? தலைகீழா கீதே. ஒரு நாள் லாரி சத்தத்துல கேக்கலன்னா ஊர் மொத்தமும் பட்டினி கெடக்கறதா?"

"கெட. ஒரு நாள் கெட. எம்பொண்ணு தெனம் கெடக்குறா."

பஞ்சாயத்தில் இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில், ஒரு மாசம் பார்ப்போம் என்று அரைமனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

*

ஐப்பசி பிறந்து ஒன்பது நாள் வெள்ளை ஏறியது. ஒன்பது நாளும் மரங்கள் போயின, வந்தன. பத்தாம் நாள் சாயந்திரம் மூங்கில் மொட்டையாக நின்றது.

வானத்தில் ஒரு பஞ்சுப்பொட்டுகூட இல்லை. கடல் கழுவிவிட்ட தரை மாதிரி கிடந்தது. இளவட்டங்கள் கட்டைகளைச் சுற்றி நின்று மூங்கிலையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அருள்நாதன் சைக்கிளில் வந்தான். துணி கையில் இல்லை.

"பொயல்னு சொன்னாரா?" என்று நீலமேகம் கேட்டார்.

"தெரியாது."

"இல்லன்னு சொன்னாரா?"

"அதுவும் தெரியாது. இன்னைக்கு எனக்குக் கேட்கலை. அவர் பேசினாரா இல்லையான்னுகூட என்னால சொல்ல முடியாது."

"அப்போ நீ இன்னாத்துக்குய்யா?" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் மணலை வாரி எறிந்தான். அருள்நாதன் நகரவில்லை. முகத்தில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் நின்று, "கேட்கலை," என்று மறுபடி சொன்னான். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. எல்லோரும் திட்டி முடிக்கும்வரை நின்றான்.

பொன்னுரங்கம் அவனை அன்றுதான் முதல்முதலாக ஏற இறங்கப் பார்த்தார். மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒருவனுக்குப் போன வருஷமே வாய் வந்திருந்தால் ரகுபதி இருந்திருப்பான் என்று நினைத்தார்.

கட்டுமரம் என்பது கரையில் வெறும் கட்டைதான். ஒவ்வொரு தரமும் கயிறு போட்டுக் கட்டினால்தான் மரம். பொன்னுரங்கம் நேரே போய்த் தன் வீட்டுக் கயிற்றுச் சுருளை மணலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

பாஸ்கர் எதிரே வந்து நின்றான். "எழுந்திரு நைனா. வானம் கண்ணாடி மாரி கீது. திருவொத்தியூரான் எல்லாம் எறங்கிட்டான்."

"உன் மச்சான் போன அன்னிக்கும் இப்டித்தான் இருந்துது."

"அதுக்காவ ஆயுசுக்கும் கயித்து மேல குந்திகினு இருப்பியா?"

"இருப்பன். உனுக்கு இன்னாடா?"

"பேஜாராப் போச்சு உன்னோட!" என்று அவன் காலால் மணலை உதைத்துவிட்டுப் போனான். வேறொருவனிடம் கயிறு வாங்கினான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மூன்று மரங்கள் அலையைத் தாண்டிப் போவதைப் பொன்னுரங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தார். அவர் எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். எழுந்தால் கயிறு போய்விடும், அதைப் பார்த்து மீதி இருக்கிறவர்களும் போய்விடுவார்கள். உட்கார்ந்தே கத்தினார். குரல் உடைகிறவரைக்கும் கத்தினார். மீதிப் பதினோரு மரங்கள் கரையில் நின்றன, அவர் மேல் இருந்த பயத்தில் பாதி, வெறுப்பில் பாதி.

விடிந்தது. காற்று இல்லை, மழை இல்லை. மூன்று மரமும் நிறைந்து வந்தன. சங்கராவும் பாறையும் துள்ளத் துள்ளக் கொட்டினார்கள். குப்பத்துப் பெண்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பொன்னுரங்கம் காதில் விழும்படிப் பேசினார்கள். ஒருத்தி, "கெழம் தானும் தின்னாது, பிறத்தியாரையும் தின்ன வுடாது," என்றாள். நீலமேகம் பக்கத்தில் வந்து, "பாத்தியா? இப்போ இன்னா சொல்ற?" என்றார்.

பொன்னுரங்கத்துக்கு ராத்திரி முழுக்கக் கயிற்றின் மேல் மடக்கி உட்கார்ந்ததில் கால் வீங்கியிருந்தது. மணலில் இழுத்து இழுத்து நடந்து பாஸ்கர் முன்னால் போனார். பையன் தோளில் துடுப்போடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இன்னா நைனா? வந்துட்டன் பாரு. இன்னா ஆயிடுச்சு இப்போ?"

பொன்னுரங்கம் ஊர் மொத்தமும் பார்க்க அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். துடுப்பு கீழே விழுந்தது.

"மரத்தை அவுரு," என்றார். "கயித்தைக் குடுத்தவன்கிட்ட திருப்பிக் குடு. சாயங்காலம் வெள்ளை ஏறுனா நானே உனுக்குக் கட்டித் தரன். ஏறலன்னா காலை ஒடிப்பன்."

பாஸ்கர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரை முறைத்தான். அவர் முறைத்தார். யார் முதலில் கண்ணைத் தாழ்த்துவது என்று நெடுநேரம் நின்றார்கள். கடைசியில் அவன் குனிந்து, ஈரம் சொட்டுகிற முடிச்சை வெடுக்கென்று இழுத்தான். கட்டைகள் ஒன்றொன்றாக மணலில் பிரிந்து விழுந்தன.